முந்திப் போய் உட்காரும் மாத்திரை

மார்ச் 3
சாட்சி பேசப் பேசத் தட்டச்சு செய்தேன். நீதிமன்றம் கலைந்த பிறகும் எழவில்லை. எழுந்தால் நாற்காலி காட்டிக்கொடுத்துவிடும். கடைசி வக்கீல் போகும்வரை காகிதம் அடுக்குவதுபோல நடித்தேன். கர்ப்பப்பையில் ஒரு கட்டி, அதனால் நிற்காத உதிரப்போக்கு. அதற்கு நான் அடிமை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 6
கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம் என்றார் மருத்துவர். "கட்டிக்குத் தீனியே புரோஜெஸ்டரான்ங்கற ஹார்மோன்தாம்மா. அது வந்து ஒட்டிக்க செல்லுக்குள்ள ஒரு எடம் இருக்கு, ஏற்பின்னு பேரு. இந்த மாத்திர முந்திப் போய் அங்க உக்காந்துக்கும். ஹார்மோன் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்."
என் வீட்டில் நாத்தனார் உட்கார்ந்திருக்கிற மாதிரி. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 9
நாத்தனார் செல்போனில் மாத்திரையின் பெயரைத் தேடிவிட்டாள். "கருவக் கலைக்கற மாத்திர! எங்களுக்குத் தெரியாம எத்தன தடவ?"
கர்ப்பமே இல்லை, பரிசோதித்துத்தான் கொடுத்தார்கள், இது ரொம்பச் சின்ன அளவு — தொண்டை கிழியக் கத்தினேன்.
"கரு தங்கறதுக்கு வேண்டிய ஹார்மோனத்தான தடுக்குது?"
அதை மட்டும் சரியாகப் படித்திருக்கிறாள், சனியன். கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்கு என்ன பூட்டா?

ஏப்ரல் 2
உதிரம் நின்றுவிட்டது. நம்பவே முடியவில்லை.

ஏப்ரல் 20
மறுபடியும். முன்னைவிட மோசம். மாத்திரையைத் தவறாமல்தானே விழுங்குகிறேன்?

ஏப்ரல் 24
வேலையில் மயங்கி விழுந்தேன். இப்போது மருத்துவமனைக் கட்டிலில். இரத்தம் ஏறுகிறது.
மருத்துவர் என் மாத்திரைப் புட்டியை உள்ளங்கையில் கவிழ்த்தார். "இது நான் குடுத்தது இல்லையே. பாக்க அதே மாதிரி இருக்கு, ஆனா வெறும் சத்து மாத்திர."
நாத்தனார்தான் என்று வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "நாந்தான் மாத்தி வச்சேன். அத நிறுத்துனா கொழந்த தங்கும்னு அக்கா சொன்னா..."
நீங்களா? தெனம் தண்ணி மோந்து குடுத்து, "மாத்திர போட்டியா"ன்னு கேட்ட மனுசனா? நான் செத்திருந்தா? பாவி... பாவி...
"வெளிய போங்க" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

மே 8
தொலைபேசியில் கணவர். "அக்காவ அனுப்பிட்டேன். வந்துடு." மாற்றி வைத்தது அக்கா கையா? தொலைபேசியை வைத்துவிட்டேன்.

ஜூலை 11
கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறதாம். இந்த வாடகை அறையில் சன்னல் சரியாக மூடவில்லை, குழாய் சொட்டுகிறது. மாத்திரைப் புட்டி மேசைமேல் திறந்தபடியே கிடக்கிறது.