ஐந்தரை மணி ரீடிங்

இன்று காலை தேங்காய் அரைக்கும்போது மிக்ஸி புகைந்துவிட்டது. மோட்டார்க் கம்பிச்சுருளின் வார்னிஷ் கருகிய வாடை அடுப்படியைத் தாண்டிக் கூடம் வரைக்கும் வந்தது. மருமகள் ஜன்னலைத் திறக்க ஓடினாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. ஓய், அந்த வாடை வந்தால் அன்றைக்கு நீர் வருவீர் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அறுபதுகளில் செம்பூரில் நாம் வேலை பார்த்த பட்டறை இப்போது இருக்கிறதோ என்னவோ. நீர் மாட்டுங்காவிலிருந்து இஸ்திரி கலையாத சட்டையில் வருவீர். நான் தாராவியிலிருந்து வேர்த்து வழிந்துகொண்டு வருவேன். "திருநெல்வேலிக்கார வாய், மூடவே மூடாது" என்று என்னைக் கிண்டல் பண்ணுவீர்.

ஆய்வுக்கூடங்களுக்கு டீசி பவர் சப்ளை செய்துகொடுக்கும் பட்டறை அது; உள்ளே எப்போதும் இந்த வார்னிஷ் வாடைதான். மின்சாரத்தை இழுக்க வெளியே ஒரு தடைப்பெட்டியை மாட்டி, இத்தனை வோல்ட் என்று குமிழைத் திருப்பி வைத்தால், அத்தனை வோல்ட் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கிறதா என்று பார்ப்பதுதான் நம் பிழைப்பு. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை அரை மணிக்கு ஒரு ரீடிங். நீர் மீட்டர் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்வீர். நான் அதைத் திருப்பிச் சொல்லி நோட்டில் எழுதுவேன். நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. ஓர் எண்ணை அடித்தால் மறுநாள் எட்டு மணி நேரமும் முதலிலிருந்து. முதலாளி சேட் வைத்த சட்டம்.

அன்றைக்கு நல்ல மழை. நாளெல்லாம் நீர் இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தீர். கடைசி ரீடிங்கையும் இருபத்தெட்டு என்று, நீர் வாய் திறக்கும் முன்பே நான் எழுதிவிட்டேன். மை காயவில்லை, "இருபத்தாறு" என்றீர்.

"இருபத்தாறு" என்று நானும் சொன்னேன். சொன்னதோடு சரி, நோட்டைத் தொடவில்லை. மழையில் ரயில் நின்றுவிடுமே என்ற பதைப்பு, நாளைக்கு மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டுமே என்ற சோம்பல். வேறொரு காரணமும் இல்லை, பாவி எனக்கு.

"எழுதியாச்சாவோய்?"

"எழுதியாச்சு வே."

என் வாயை நம்பி, நோட்டைப் பார்க்காமலே அடியில் கையெழுத்துப் போட்டீர்.

பத்து நாளில் அந்த செட் திரும்பி வந்தது. போன இடத்தில் வோல்ட் இறங்கி யாருடைய சோதனையோ பாழாகியிருந்தது. "கல்தி கிஸ்கி?" என்று சேட் நோட்டை மேஜையில் அடித்தார். அவர் கேட்டது யார் தப்பு என்று. நீர் சொன்னீர்: "நான் இருபத்தாறுன்னுதான் சொன்னேன்." நோட்டில் இருபத்தெட்டு. நீர் என் முகத்தைப் பார்த்தீர். நான் தரையைப் பார்த்தேன். நீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர். "எனக்குத்தான் சரியாத் தெரியலை போலிருக்கு" என்றீர். மறுநாளே, மீட்டர் பக்கம் இனி வரமாட்டேன் என்று பேக்கிங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டீர். அடுத்த மழைக்கு முன்னால் டைபாய்டு உம்மைக் கொண்டுபோயிற்று.

அதன் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீர் போன பின் வந்த மழைக்காலத்தில் முள்ளைப் பார்க்கவும் நான்தான், எழுதவும் நான்தான். ஒருநாள் ஐந்தரைக்கு முள் இருபத்தெட்டில் நின்றது. எழுதக் குனிந்தேன். இடது காதோரம், நீர் எப்போதும் நிற்கும் இடத்திலிருந்து, "இருபத்தாறு" என்று கேட்டது. சத்தமில்லை, அதட்டலில்லை, ரீடிங் சொல்லும் அதே குரல். திரும்பினேன். ஆளில்லை. பழக்க தோஷம், என் வாய் "இருபத்தாறு" என்று திருப்பிச் சொல்லிவிட்டது. முருகா! சொன்ன பிறகு முள் இறங்கியது. மெள்ள மெள்ள இறங்கி இருபத்தாறில் நின்றது. நான் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றது. பேனாவை எடுத்ததும் ஏறிவிட்டது.

மழை ஈரம், ஏதோ மின்கசிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் வேறு செட், தடைப்பெட்டியும் வேறு, வெளியே சுள்ளென்று வெயில். ஐந்தரைக்கு அதே குரல், அதே இறக்கம். மூன்றாம் நாளும்.

தாங்காமல் மாட்டுங்காவுக்கு உம் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் உம் சம்சாரத்திடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். காபி கொடுத்துவிட்டு அவர்களே ஆரம்பித்தார்கள்.

"கண் டாக்டர் பவர் மாறவே இல்லைன்னு அடிச்சுச் சொன்னார். இவர்தான் கேக்கலை. 'அவன் நோட்டுல எழுதினா தப்பாது டாக்டர், என் கண்ணுதான் போயிடுத்து'ன்னு சண்டை போட்டுப் புதுக் கண்ணாடி வாங்கிண்டார். அதைப் போட்டுண்டு கடைசிவரைக்கும் தலைவலியோட அலைஞ்சார்."

டம்ளரைக் கீழே வைத்தேன். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை, ஓய். "போயிட்டு வாறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரமே வேலையை விட்டேன். பட்டறையைத்தான் விட்டேன், குரல் என்னை விடவில்லை.

இப்போதும் அந்த வாடை வந்த நாளெல்லாம் சாயங்காலம் ஐந்தரைக்கு இடது காதோரம் வருகிறீர். ஒரு வார்த்தை திட்டலாம். ஏமாத்திட்டியே என்று கேட்கலாம். நீரோ எண்ணைச் சொல்லிவிட்டு, நான் எழுதுவேன் என்று நம்பிக் காத்து நிற்கிறீர்.