ஜீப்பில் போன நடைப்பயிற்சி

ஞாயிறு இரவு.

இன்று என் நடைப்பயிற்சியை ஷேர் ஜீப்பில் செய்தேன். நான் மஞ்சக்குட்டை வரைக்கும், மனைவி கோயில் வரைக்கும் நடந்து திரும்பினால்தான் கறிக்குழம்பு, இல்லாவிட்டால் ஓட்ஸ் கஞ்சி என்று விடுமுறைக்கு வந்த மகளின் உத்தரவு.

திரும்பும்போது ஜீப்பை நிறுத்தி, "ஏனுங்க, ஏறுங்க!" என்றார் ஓட்டுநர் காஜா பாய். எங்கள் மலையில், ஏறச் சொல்லி மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். ஏறினேன். உள்ளே, முந்தானையால் முகத்தை மூடியபடி என் மனைவி!

"நீங்க என்னையப் பாக்கலீங்க. நானும் உங்களப் பாக்கலீங்க" என்றாள்.

ஜீப்பே சிரித்தது. வீட்டுக்கு முந்தைய வளைவில் இறங்கி, கைவீசி நடந்தோம்.

"அப்பா, ரெண்டு பேருக்கும் மூச்சே வாங்கல, நொம்பத் தேறிட்டீங்க!" என்று மகள் பூரித்துப்போய்க் கறியை அள்ளிப் போட்டாள்.

வளைவிலிருந்து நடந்த அந்தக் கொஞ்ச தூரமும் இறக்கம்தான்.