இரண்டு பேருக்கு ஒரு கூடாரம்

மார்ச் 4

விடுப்பு கிடைத்துவிட்டது! எனக்கும் அவருக்கும் ஒரே வாரத்தில்!

எனக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் இரவு ஷிஃப்ட். அவர் பேருந்து ஓட்டுநர், விடியற்காலை ஷிஃப்ட். நான் வேலை முடிந்து உள்ளே நுழையும்போது அவர் சாக்ஸ் தேடிக்கொண்டிருப்பார். "சாவி?" "ஆணியில." இதுதான் எங்கள் குடித்தனம். மாலையில் நான் எழுந்து வந்தால் அவர் டிவி முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். வார விடுமுறைகூட ஆளுக்கொரு நாள். மகன் வெளியூருக்குப் படிக்கப் போனதும் இருந்த பேச்சும் சுருங்கிப்போயிற்று.

இப்போது நான்கு நாள் காடு. ஏரிக்கரையில் கூடாரம். நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது.

மார்ச் 7

வன அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். வனக்காவலர் எடுத்தார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் குரலிலேயே தெரிந்தது.

"ஏரிப் பக்கம் இடம் இருக்குமா சார்?"

"இடமா? காடே காலிதாம்மா."

அரசு வனங்களிலேயே பெரியது இதுதானாம். சிக்னல் கிடையாது, கடை கிடையாது. வாயிலைத் தாண்டினால் ஏரி வரைக்கும் மண்சாலைதான், பெட்ரோலை முன்னாடியே நிரப்பிக்கொள்ள வேண்டும். மரம் வெட்டக் கூடாது, விழுந்த சுள்ளியைப் பொறுக்கலாம். "நல்லா குளிரும். எத்தனை பேரு?" என்றார். "ரெண்டே பேர்தான்" என்று சொல்லும்போது புதுப்பெண் மாதிரி வெட்கம் வந்துவிட்டது. இந்த வயசில்!

மார்ச் 9

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து, புது ரூட் கொடுத்த மாதிரி விரலை ஓட்டிக்கொண்டிருக்கிறார். "இங்க ஒரு டீ. இங்க இறங்கி காலை நீட்டிக்கலாம்."

"ஏங்க, ஸ்டாப் எல்லாம் போட்டாச்சா?"

"போட்டாச்சு. டிக்கெட் நீதான் கிழிக்கணும்."

வாய்விட்டுச் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று!

மார்ச் 13

பயமாக இருக்கிறது. கரடிக்கு அல்ல, இவருக்கு. டிவி இல்லாமல் ஃபோன் இல்லாமல் நான்கு நாள் — என்ன பேசப் போறோம்? ஏரி நல்லாருக்கு. ஆமா, நல்லாருக்கு. அப்புறம்? ஒரே வீட்டுல மாத்தி மாத்திக் குடியிருக்கிற ரெண்டு பேர் நாங்க. பேச ஒண்ணுமே மிச்சமில்லைன்னு அங்க போய்த் தெரிஞ்சா? இங்கே இருக்கும்வரை ஷிஃப்ட் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம். காட்டில் யார்மேல் போடுவது?

மார்ச் 14

வாயாடியையும் அவள் கணவரையும் கூடவே வரச்சொல்லிவிட்டேன். ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி. ஆள் கிடைக்காவிட்டால் மைக்ராஸ்கோப்போடு பேசுவாள். அவள் இருந்தால் போதும். அப்பாடா.

மார்ச் 15

கூடத்தில் கூடாரத்தைப் போட்டு உள்ளே போய்ப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து, "ஓ, அவங்களும் வர்றாங்களா... சரி" என்று மட்டும் வந்தது. ஆள் வெளியே வரவே இல்லை. டீ ஆறிப்போயிற்று.

மனுஷன் ஆசை ஆசையா இருந்திருக்கார். நான் ஒரு மண்டு.

மார்ச் 17

வாயாடியிடம் உள்ளதைச் சொல்லி, வரவேண்டாம் என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். "ஏண்டி, உன் புருஷன்கிட்ட பேசறதுக்கு நடுவுல நான் எதுக்கு? பேச்சு வரலைன்னா சண்டையாவது போடு, போ!"

வீட்டுக்கு வந்து, "அவங்க வரலையாம்" என்றேன். "அடடா" என்றார். நடிக்கத் தெரியாத மனுஷன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, அப்படியே வண்டி எடுக்கப் போய்விட்டார்.

மார்ச் 21

"மூட்டை கட்டறதை என்கிட்ட விடு" என்றார். விட்டேன். கார் டிக்கியை மூட அவர் அதன்மேல் உட்காரவேண்டி இருந்தது. நாளைக்குக் கிளம்புகிறோம்.

மார்ச் 22

ஏரிக்கரை. இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

வழியெல்லாம் எதற்குப் பயந்தேனோ அதுவேதான். "மரம் நல்ல உயரம்." "ஆமா, உயரம்."

கூடாரம் போட்டு மூட்டையைப் பிரித்தோம். சட்டி, ரொட்டி, சூப் பொட்டலம், நாலு டார்ச். ஒரு தலையணை. ஒரு ஸ்லீப்பிங் பேக்.

"இன்னொண்ணு எங்கங்க?"

"எது இன்னொண்ணு? வீட்ல இருக்கிறபடிதானே..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வீட்டுக் கட்டிலில் ஒரு தலையணைதான். அவர் எழுந்தால் நான் படுப்பேன். என் விடுமுறை இரவுகளில் தூக்கம் பிடிக்காமல் சோபாவில் கிடப்பேன். இரண்டாவது தலையணை வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை.

அழுகை வந்தது. அது கத்தலாக வெளியே வந்தது. என்ன புருஷன், என்ன பொண்டாட்டி, லாட்ஜ்ல கூட ரெண்டு தலையணை வைப்பான்! அவரும் பதிலுக்குக் கத்தினார். "எனக்கு மட்டும் இப்படி வாழ ஆசையா? நான் எழுந்த சூட்டுல நீ வந்து படுக்கறே. நமக்குள்ள மிச்சம் அவ்வளவுதானான்னு தினம் வண்டி ஓட்டிக்கிட்டே நினைக்கிறேன்!"

இவ்வளவு நீளமாக இவர் பேசிக் கேட்டதில்லை.

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"எப்போ சொல்ல? சாக்ஸ் தேடும்போதா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவருக்கும். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்கு விக்கலே எடுத்துவிட்டது.

இப்போது சுள்ளி பொறுக்கிக்கொண்டே, பேருந்தில் டிக்கெட் வாங்காமல் ஏறிய ஆட்டுக்குட்டியின் கதையைக் கத்திக் கத்திச் சொல்கிறார். பாதி காதில் விழவில்லை. கிட்டே போகிறேன்.

மார்ச் 24

எழுத நேரமில்லை. மனுஷன் ஓயமாட்டேங்கிறார். நானும்தான்.

மார்ச் 28

மேற்பார்வையாளரிடம் பகல் ஷிஃப்ட் கேட்டேன். என்ன காரணம் என்றார்.

"வீட்ல இன்னொரு தலையணை வாங்கியிருக்கோம் சார்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கொடுத்துவிட்டார்.