கிரில் கதவோரச் சப்பாத்து

அக்டோபர் 7, திங்கள்

ஒருவழியாக சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் அறை கிடைத்துவிட்டது. வரிசை வீடு, நடு அறை. இதற்கு முன் மூன்று இடங்களில் இந்தியாவிலிருந்து வந்த மாணவி என்றதுமே போனை வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் கஸ்தூரி ஆண்ட்டி தனியாள். ஆம்பளை இல்லாத வீடு என்று சொன்ன பிறகுதான் தூத்துக்குடியில் அம்மாவுக்கு மூச்சே வந்தது.

அக்டோபர் 9

அப்படியானால் கிரில் கதவுக்கு வெளியே கிடக்கிற பெரிய கறுப்பு ஷூ யாருடையது?

அக்டோபர் 14

காலையில் நான் கிளம்பும்போது ஷூ ரோட்டைப் பார்த்துக் கிடக்கிறது. சாயங்காலம் வந்தால் வீட்டைப் பார்த்து. யாரோ வேலைக்குப் போய் வருகிற மாதிரி. ஆளைத்தான் காணோம். ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படிக்க உட்கார்கிறேன். அம்மாவிடம் சொன்னால் உடனே ஊருக்கு வா என்பாள். படிப்பு அம்போ.

அக்டோபர் 15

கேட்டே விட்டேன். ஆண்ட்டி சிரித்தார். "பொம்பளைங்க மட்டும் இருக்கிற வீடுன்னு வெளிய தெரியக் கூடாது லா. சப்பாத்து ஒரே மாதிரி கிடந்தா திருடனுக்குத் தெரிஞ்சிடும். அதான் திருப்பித் திருப்பி வைக்கிறேன்."

இதுக்காடி பயந்த? லூசு.

அக்டோபர் 29

பேய்மழை. நான் வந்தபோது ஆண்ட்டி அந்த ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்துக்கொண்டிருந்தார். ஷூ சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. என்னைக் கவனிக்கவில்லை. "பாலத்துக்கு அடியில நின்னுட்டு வந்தா என்னவாம்?" என்று அதனிடம் கோபமாகக் கேட்டார்.

ஷூ கிடக்கிற இடத்தில் சாரல்கூட அடிக்காது. ஆண்ட்டிதான் குழாயில் நனைத்திருக்க வேண்டும். ஆண்ட்டிதானே?

அக்டோபர் 30

பக்கத்து வீட்டு பிரேமலா அக்காவிடம் விசாரித்தேன். யுகேந்திரன், ஆண்ட்டியின் ஒரே மகன். சிங்கப்பூரில் வேலை, தினமும் மோட்டர் சைக்கிளில் எல்லை தாண்டிப் போய் வருவானாம். இரண்டு வருஷத்துக்கு முன், வீடு திரும்புகிற நேரம், மழை, மற்றவர்கள் மாதிரி பாலத்தடியில் ஒதுங்காமல் வந்திருக்கிறான், லாரி. ஆஸ்பத்திரியில் ஷூவை மட்டும் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

நடு அறை அவனுடையதாம். ஐயோ, இந்தக் கட்டில்.

நவம்பர் 3

வேறு அறை பார்த்துவிட்டேன். பதினாறாம் தேதி மாறலாம். ஆண்ட்டியிடம் எந்த வாயால் சொல்வது? இன்றுகூட எனக்கென்று நெத்திலிச் சம்பால் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

நவம்பர் 16, சனி

இன்னும் சொல்லவில்லை. பொந்தியானில் இருக்கிற தன் தங்கை வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆண்ட்டி காலையிலேயே கிளம்பினார். நாளைக்குத்தான் வருவார். வாசலில் நின்று ஒரு தடவை ஷூவைப் பார்த்தார், பிறகு என்னை.

நல்லதாகப் போயிற்று, எழுதி வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு வாடகைக் கார் வந்தது. நல்ல மழை. பெட்டியோடு வெளியே வந்து கிரில்லைப் பூட்டப் போனேன். ஷூ இன்னும் ரோட்டைப் பார்த்தபடியே கிடந்தது. அவனை வெளியே விட்டு எப்படிப் பூட்டுவது? காரை அனுப்பிவிட்டேன்.

திருப்பி வைக்கலாமென்று எடுத்தேன். உள்ளே ஈரம்.

பேப்பர் திணித்துக் கூடத்தில் வைத்திருக்கிறேன். "பாலத்துக்கு அடியில நின்னுட்டு வரலாம்ல" என்று சொன்னது நான்தான். பிறகு பூட்டினேன்.