பத்தடி தூரத்தில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உன் தோள்பட்டை வலி குறைந்ததா?

பேப்பரில் வந்த உன் படத்தைப் பக்கத்துக் கடைத் தையல்காரர் வெட்டி, நம் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். ‘பயமறியாத பெண்’ என்று தலைப்பு. துணி எடுக்க வந்தவர் ஒருவர், “முதலாளி, உங்க வீட்டுல பயம்ங்கிற சரக்கே ஸ்டாக் இல்லையா?” என்றார். சிரித்து வைத்தேன். லிஃப்ட் குலுங்கினால் இன்றும் என் சட்டையைப் பிடிப்பவள் நீ என்று அவரிடம் சொல்வேனா?

நேற்று உன் மீட்புக் குழுக் கேப்டன் போன் செய்தார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. “ஆத்துல முழுகின பையனைக் கரையேத்திட்டோம் சார். அவளை மேல வரச் சொல்லிக் கயித்தை மூணு தடவை இழுத்தோம். வரலை. சிலிண்டர்ல காத்து தீர்ற வரைக்கும் தேடிக்கிட்டே இருந்தா. கேட்டா, இன்னொரு பையன் இருக்கான்னு சொல்றா” என்றார்.

யார் அந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை.

ஏரிக்கரை உடைந்த அன்று உனக்குப் பதினொன்று, தம்பிக்கு ஏழு. பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்துகொண்டிருந்தீர்கள். தெருவே அலறிக்கொண்டு ஓடியது. நீயும் பதறி ஓடிவந்து கல்லாவுக்குப் பின்னால் குப்புற விழுந்தாய். நான் ஷட்டரை இறக்கினேன். தம்பியை வெள்ளம் கொண்டுபோனது. மறுநாள் துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னால் உன்னைக் கேட்டேன்: “ஏன்டி அவன் கையை விட்டே?” பதினான்கு வருஷமாக நீ அதற்குத்தான் தண்ணீருக்கடியில் பதில் தேடுகிறாய்.

நான் மறைத்ததை இப்போது சொல்கிறேன். ஷட்டரை இறக்கும்போது தம்பி பத்தடி தூரத்தில் இருந்தான். நான் பார்த்தேன். முதுகில் பை, காலில் ஒற்றைச் செருப்பு. “அப்பா” என்றான். என் கை நிற்கவில்லை. தெருவில் கலாட்டா என்றால் முதலில் ஷட்டரை இறக்கிப் பழகிய கை. தகரம் தண்ணீரைத் தடுக்காது என்று எனக்குத் தெரியாதா? அந்த நேரம் தெரியவில்லை. மறுபடி தூக்கப் பார்த்தேன். வெள்ளம் அழுத்திப் பிடித்துக்கொண்டது.

நீ குழந்தை, பயந்தாய். நாற்பது வயதில் நானும்தான் பயந்தேன். பழியை மட்டும் உன் தலையில் கட்டினேன். மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்துவிட்டு, “அவளுக்கு எழுதுங்க” என்றாள். அதன்பின் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

வேலையை விடச் சொல்லமாட்டேன். பயம் வந்தால் வரட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தண்ணீரில் தத்தளிப்பவர்கள் உன் கையை நம்பிப் பிடிக்கிறார்கள் என்றால், அவர்கள் பயம் உனக்குத் தெரியும் என்பதால்தான்.

என் முகத்தில் முழிக்கப் பிடிக்காவிட்டால், அம்மாவைப் பார்க்க மட்டும் வா. நான் கடையிலேயே இருந்துகொள்கிறேன்.

ஆனால் கயிறு இழுபட்டால் மேலே வந்துவிடு, கண்ணு. கீழே தம்பி இல்லை. அவன் என் ஷட்டருக்கு வெளியே நிற்கிறான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நூறு வயது இரு.

அப்பா