ஞாயிற்றுக்கிழமைப் புயல்கள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாலு எழுதிக்கொள்வது. நான் சுகம். 'உன்னை யார் கேட்டது' என்பாய், இருந்தாலும் சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்தத் தீவுக்கு வரும் படகில் எல்லோருக்கும் கட்டுக் கட்டாகக் கடிதம் வருகிறது. எனக்கு மட்டும் பல் டாக்டரிடமிருந்து ஒரு நினைவூட்டல் அட்டை. பேனா பிடித்தால் உனக்குக் கை சுளுக்கிக்கொள்ளுமா? அண்ணியாவது இரண்டு வரி எழுதக் கூடாதா?

போன ஞாயிறு வானொலியில் அப்பாவோடு பேச முடியாமல் போனதற்கு என்னைத் திட்டாதே, சூரியனைத் திட்டு. காலையில் வழக்கம்போலத் தொலைநோக்கி வழியாகச் சூரியனை வெள்ளைத் தாளில் விழவைத்து, கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன். நடுவில் ஒரு கூட்டம், மை சிந்தின மாதிரி. 'இது வெடிக்காம போகாது' என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லி வாய் மூடுவதற்குள் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் கருவியில் கோடு செங்குத்தாக ஏறிவிட்டது. அப்படி ஒன்று வெடித்தால் பகலாக இருக்கும் பக்கமெல்லாம் சிற்றலை வானொலி செத்துப்போகும். கப்பல், விமானம், எல்லாம் ஊமை. செயற்கைக்கோள் இணைப்பு அலுவலக வேலைக்கு மட்டும்தான். வாரம் ஒருமுறை சொந்தபந்தங்களோடு பேச எங்களுக்கு விட்டிருப்பது அந்தச் சிற்றலைதான்.

அப்பாவிடம் பக்குவமாகச் சொல். முப்பது வருஷம் கப்பலில் வானொலி அதிகாரியாக இருந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முந்தின ஞாயிறு பேசினோமே, பக்கவாதம் வந்த பிறகு அவர் குரலை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. என்னை 'வாலு' என்று கூப்பிட அவர் பட்ட பாடு! இரண்டு நாள் எனக்கு வேலையே ஓடவில்லை, அண்ணா.

உன் பிரியமுள்ள,
வாலு


மார்ச் 20

அன்புள்ள வாலுவுக்கு,

பேனா பிடித்துவிட்டேன், கை சுளுக்கவில்லை. பணிமனையில் பேருந்துக்கு அடியில் படுத்துக் கிடப்பவனுக்குக் கடிதம் எழுதுவதெல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வருகிறது. உன் அண்ணி உன்னை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னாள். தினமும் கேட்கிறாள், நான்தான் எழுதவில்லை.

அப்பாவுக்கு இடது பக்கம் இன்னும் வரவில்லை. வலது கை நன்றாக இருக்கிறது. பேச்சு மெதுவாகத் திரும்புகிறது. உன் அண்ணி அவரைச் சின்னப் பிள்ளை மாதிரி உட்காரவைத்துச் சொல் சொல்லாகப் பழக்குகிறாள். ஞாயிறு வந்தால் சட்டையைத் தேய்த்துத் தரச் சொல்லிப் போட்டுக்கொண்டு, தலை வாரச் சொல்லி, அவருடைய பழைய வானொலிப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். 'வானொலிக்கு எதுக்குப்பா தலை வாரணும்?' என்று கேட்டேன். 'அவ கண்டுபிடிச்சிருவா' என்கிறார்.

போன இரண்டு ஞாயிறும் நீ வரவில்லை. நான் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. இந்தச் சூரியனுக்கு ஞாயிற்றுக்கிழமைமீது அப்படி என்ன கோபம் என்று நான் கேட்டதற்கு அப்பா சிரித்தார்.

வாலு, விளையாட்டுப் பேச்சை விடு. டாக்டர் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். ஒரு படகு பிடித்து வந்துவிட்டுப் போயேன். வர முடியாவிட்டால் ஞாயிறாவது பேசு. அவர் உனக்காக ஏதோ ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார். எங்களிடம் சொல்ல மாட்டாராம்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன், உன் கையெழுத்து அப்படி.

நான் என்ன செய்யட்டும்? பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை சூரியனுக்குப் பேய் பிடிக்கும். இது அந்த வருஷம். அடுத்து வந்த ஞாயிறுகளிலும் அதே புயல்தான். நீ கூப்பிட்டிருப்பாய், எனக்கு இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. காலை முழுக்கப் பெட்டிக்கு முன்னால் காத்திருந்துவிட்டு எழுந்து போனேன்.

விடுப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. இப்போது கேட்டால் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் என்னைத் தொலைநோக்கியோடு சேர்த்துக் கட்டிப்போடுவார். தினமும் வரைவது, எண்ணுவது, காலையில் கப்பல்களுக்கான அறிக்கையை வானொலியில் படிப்பது, மூன்றும் என் தலையில்தான். ஜூனில் ஆள் மாறும். ஓடி வந்துவிடுவேன். அந்த வாக்கியத்தை அதுவரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

அண்ணி கையைப் பிடித்து ஒரு நன்றி சொல். நான் செய்ய வேண்டியதை எல்லாம் அவள் செய்கிறாள்.

உன்,
வாலு


ஏப்ரல் 18

அன்புத் தங்கைக்கு,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. போன புதன்கிழமை மாலை அப்பா போய்விட்டார். காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவர் பெட்டி இருக்கும் அறையிலேயே கட்டிலைப் போட்டிருந்தோம். நானும் உன் அண்ணியும் பக்கத்தில் இருந்தோம். அதிகம் கஷ்டப்படவில்லை.

உன்னை நாள் முழுக்க வானொலியில் கூப்பிட்டோம். சூரியப் புயல். ஒன்றும் போய்ச் சேரவில்லை. யார்மீதும் தப்பில்லை. எல்லாவற்றையும் மறுநாளே முடித்துவிட்டோம்.

அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஜூனில் வா.

அண்ணன்


மே 1

அண்ணா,

யார் காதில் பூ சுற்றுகிறாய்?

அந்தப் புதன்கிழமை சூரியனை வரைந்தது நான். புள்ளிகள் இருந்தன, ஒன்றும் வெடிக்கவில்லை. கருவியில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பூமியின் காந்தமும் அசையவில்லை. காலையில் 'அமைதி, தடங்கல் எதிர்பார்க்கப்படவில்லை' என்று அறிக்கை படித்ததும் நானேதான். இங்கே வானொலியைப் பார்த்துக்கொள்ளும் மீசைக்காரரிடம் போய்க் கேட்டேன். 'நாள் பூரா காதுல மாட்டிக்கிட்டுத்தாம்மா உக்காந்திருந்தேன். உங்க வீட்லேர்ந்து யாரும் கூப்பிடல' என்றார்.

அப்படியே வெடித்திருந்தாலும் ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு. பிறகு அலை தானாகத் திரும்பிவிடும். காலையிலிருந்து மாலைவரை ஊமையாக இருக்க, சூரியன் என்ன உன் வீட்டுக் குழாயா, நீ அடைத்தால் நிற்பதற்கு? சூரியனை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவளிடமே சூரியன்மீது பழி போட உனக்கு எப்படி மனசு வந்தது?

நீ கூப்பிடவே இல்லை. ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் என் அப்பாவின் குரலைக் கடைசியாகக் கேட்டிருப்பேன். அந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பேன். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட திமிர் உனக்கு. அவரை முழுசாக நீயே வைத்துக்கொண்டாய். உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

நிஜம் எனக்கு வேண்டும். எழுது.


மே 16

தங்கைக்கு,

நிஜம் வேண்டும் என்கிறாய். வேண்டாம் என்றுதான் நான் பொய் எழுதினேன். அதைப் பூசி மெழுகி அப்படியே விட்டிருக்கலாம், நீ விடவில்லை. ஆகவே வைத்துக்கொள்.

ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு. பிறகு அலை திரும்பிவிடும். நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். அப்படியானால் 'காலை முழுக்கக் காத்திருந்தேன், இரைச்சல்தான்' என்று ஒவ்வொரு ஞாயிறுக்கும் எழுதினாயே, அது என்ன புயல்?

அப்பா தினமும் காலையில் உன் அறிக்கையைக் கேட்பார். இது உனக்குத் தெரியாது. கப்பல்காரர்களுக்கு நீ படிப்பது எங்கள் வீட்டிலும் கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முதல் ஞாயிறு நிஜம். 'அலை நெஜமாவே செத்துப்போச்சுடா' என்று அவரே சொன்னார். மற்ற ஞாயிறுகளில் காலையில் உன் குரல் 'அமைதி' என்று சொல்லும். பிறகு நான் கூப்பிடுவேன். பக்கத்து அலைகளில் ஊர் உலகமெல்லாம் பேசிக்கொண்டிருக்கும். நீ மட்டும் இருக்க மாட்டாய். முப்பது வருஷம் கடலில் காது வைத்திருந்த மனுஷனிடம் போய், அலை செத்துவிட்டது என்று கதை விட்டிருக்கிறாய்.

எனக்கு ரத்தம் கொதித்தது. 'எழுதி நாலு கேள்வி கேக்கட்டுமா?' என்றேன். 'நான் பேசுறத அவளால கேக்க முடியலடா. விடு' என்றார். திரும்பவும் அடுத்த வாரம் சட்டை தேய்க்கச் சொல்வார்.

அந்த வாக்கியம் என்ன என்று கடைசி வாரம் உன் அண்ணி கண்டுபிடித்தாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாளாம். 'உன் குரல் தெளிவா கேக்குதும்மா.' அவ்வளவுதான். கப்பலில் யார் கூப்பிட்டாலும் அவர் முதலில் சொல்கிற பதில். இரண்டு மாதம் அதைப் பழகியிருக்கிறார். 'தெளிவா' மட்டும் கடைசிவரை சரியாக வரவில்லை.

அந்தப் புதன்கிழமை நான் பெட்டியைப் போட்டு மைக்கைக் கையில் எடுத்துவிட்டேன். அப்பா வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். 'வேணாம்டா. பாவம், அவள இன்னொரு பொய் சொல்ல வைக்காத' என்றார். விட்டு விட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொன்னார். நான் மைக்கைக் கீழே வைத்தேன்.

நீ கேட்டாய். நான் எழுதிவிட்டேன்.

அண்ணன்


மே 30

அண்ணா,

முதலில் உன் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன்.

நீ கூப்பிட்டதெல்லாம் எனக்குக் கேட்டது. 'வாலு, வாலு, வீட்லேர்ந்து கூப்பிடுறோம்' என்றாய். உனக்குப் பின்னால் அப்பா தொண்டையைச் செருமியதும் கேட்டது. நான் மைக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் திணறுவதை என்னால் தாங்க முடியவில்லை. என் கோழைத்தனத்துக்குச் சூரியன் வசதியாகக் கிடைத்தது. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டேதான் அவர் ஒவ்வொரு ஞாயிறும் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜூனில் வரலாமா? வராதே என்றால் வர மாட்டேன். அதற்கு முன்னால் உன் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும். இந்தப் படகு உன்னிடம் வந்து சேர்ந்த பிறகு வருகிற ஞாயிறு, வழக்கமான நேரத்தில் நான் கூப்பிடுகிறேன். திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எனக்கு இப்போது இருப்பது நீ ஒருவன்தான். அண்ணியையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

உன்,
வாலு


ஜூன் 17

தங்கைக்கு,

ஞாயிறு காலை உன் அறிக்கையைக் கேட்டேன். அமைதி என்றாய். பிறகு நீ கூப்பிட்டாய், திரும்பத் திரும்ப. நடுவில் அழுதாய். உன் அண்ணி மைக்கை எடுக்க வந்தாள், நான் கொடுக்கவில்லை. உன் குரல் தெளிவாகக் கேட்டது.

இங்கே சூரியப் புயல். நீ வரலாமா என்று கேட்ட இந்த ஜூன் முழுக்க அப்படித்தான் இருக்கும்.

அண்ணன்