என் முடி, அவள் தலை

12 பிப்ரவரி 2025, ரோலா

சங்கீதாவுக்குக் கீமோ முடிந்து ஒரு மாதம் ஆகிறது. தலையில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. ஈத் விடுமுறை கழிந்ததும் பர் துபாய் ஆபீசில் மறுபடி சேர வேண்டும். ரிசப்ஷனில் உட்காருகிறவள். வெறுந்தலையோடு போகமாட்டேன், துணி கட்டிக்கொண்டும் போகமாட்டேன் என்கிறாள். என் மகள்தானே.

இன்று விக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நிஜாம் கீழக்கரைக்காரர். முதுகுவரை தொங்கும் கறுப்பு விக் ஒன்றை எடுத்து வைத்தார். யாருடைய முடி என்று கேட்டேன்.

“அசல் கோயில் முடிம்மா. நம்ம ஊர்ப் பொம்பளைங்க காணிக்கை குடுத்தது.”

“அவள் சாமிக்குக் கொடுத்தாள். உங்களுக்கு யார் கொடுத்தது?”

“ஏலத்துல எடுக்கிறதும்மா. எல்லாம் முறைப்படிதான்.”

“முறையைக் கேட்கவில்லை. தன் முடி துபாயில் விற்கப்படுகிறது என்று அவளுக்குத் தெரியுமா?”

அவர் சங்கீதாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

நான் படித்த கான்வென்ட்டில் நன்கொடைப் பெட்டி வரும்போது மதர் ஒவ்வொருத்தியையும் கேட்பார்: “இது உன்னுடையதா?” அப்பாவின் பேனாவைப் போட வந்தவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். விக் வாங்காமலே வந்துவிட்டோம்.

13 பிப்ரவரி

கோபத்தில் சங்கீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோசையை மட்டும் சாப்பிட்டாள்.

15 பிப்ரவரி

முடிவு செய்துவிட்டேன். என் பின்னல் இன்னும் இடுப்பைத் தொடுகிறது. முழுக்க வெள்ளை, ஒருநாளும் சாயம் பூசியதில்லை. சங்கீதாவின் அப்பா போன அன்று உறவுக்காரிகள் என் பூவை எடுத்தார்கள். முடியில் கைவைக்க எவளையும் விடவில்லை. அப்படியென்றால் அது என்னுடையதுதானே?

தனியாக நிஜாமிடம் போனேன்.

“வெள்ளைக்கு மார்க்கெட் மாஃபிம்மா, வாங்க ஆளே இல்ல.”

“நான் விற்க வரவில்லை.”

“சரி, கறுப்பாக்கிடவா?”

“வேண்டாம்.”

“ஒருத்தர் முடி அடர்த்திக்குப் பத்தாது, கழுத்துவரைதான் வரும். கொஞ்சம் வேற முடி கலந்தா...”

“கலக்கக் கூடாது.”

“சண்டை போடத்தான் வந்தீங்களா, முடி குடுக்க வந்தீங்களா?” என்று சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார். வெற்றியோடு திரும்பினேன். பஸ்ஸில் உட்காரக்கூடத் தோன்றவில்லை.

18 பிப்ரவரி

நல்ல காரியமாயிற்றே என்று காலையில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக வைத்து, இறுக்கிப் பின்னிக்கொண்டு போனேன். பின்னலைத் தொட்ட நிஜாம் கையை உதறினார்.

“இது பின்னலா, வடைச்சட்டியாம்மா? எண்ணெய் இருந்தா விக் வலையில முடிச்சு நிக்காது.”

திரும்பி வந்து, சீயக்காய் தேய்த்துக் குளித்து, பால்கனி வெயிலில் காயவைத்து மறுபடி போனேன். வெட்டினார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கழுத்து மட்டும் குளிர்ந்தது.

சாயங்காலம் சங்கீதா பார்த்தாள். எல்லாம் சொன்னேன்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நாப்பத்தி நாலு வயசுல கிழவி தலையோட நான் ரிசப்ஷன்ல உக்காரணுமா? உன் கொள்கைக்கு என் தலைதான் கிடைச்சுதா?”

கதவைச் சாத்திக்கொண்டாள்.

யாருக்காகச் செய்தேன்? இவளுக்காகத்தானே? இப்படியா பேசுவா பெத்த தாய்கிட்ட —

19 பிப்ரவரி

கேட்கவில்லைதான். முகம் தெரியாத ஒருத்தியைக் கேட்டீர்களா என்று கடைக்காரரை நிறுத்தி வைத்துக் கேட்டேன். பக்கத்து அறையில் இருப்பவளைக் கேட்கவில்லை.

முடி என்னுடையது. தலை அவளுடையது.

20 பிப்ரவரி

அவளிடம் சொன்னேன். “உனக்கு வேண்டாமென்றால் அந்த முடி வேறு யாருக்காவது போகட்டும், நிஜாமிடம் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வேண்டுமானால் நீயே போய் வாங்கிக்கொள். நான் வாய் திறக்கமாட்டேன்.”

“நீயா?” என்றாள்.

22 பிப்ரவரி

ஜுபைலில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். என் தலையைப் பார்த்து, “அத்தை, ஹாக்கி டீம்ல சேந்துட்டீங்களா?” என்றார். சங்கீதா சிரித்துவிட்டாள். பிறகு சிரிக்காதவள் போல எழுந்து போனாள்.

9 மார்ச்

வாய் திறக்கவில்லை. இன்னும்.

14 மார்ச்

நிஜாம் போன் செய்தார். “உங்க பொண்ணு வந்துட்டுப் போனாங்கம்மா. தலை அளவு எடுத்தாச்சு.”

“எந்த முடிக்கு?”

“உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க.”

அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்!

7 ஏப்ரல், திங்கள்

காலை ஏழு மணிக்கு அறைக்கதவு திறந்தது.

வெள்ளை. கழுத்துவரை, காதோரம் லேசாக உள்ளே வளைந்து. நேர்வகிடு இல்லை, இடப்பக்கம். சின்ன வயதிலிருந்து அவள் எடுக்கிற வகிடு. சிவப்பு லிப்ஸ்டிக் வேறு. என் முடிதான், ஆனால் என் சாயலே இல்லை. ராணி மாதிரி இருந்தாள். ராணி என்று எழுதுவதில் மிகை ஒன்றும் இல்லை, நேரில் பார்த்தவள் நான்.

“அப்படிப் பாக்காதம்மா, லேட் ஆகுது.”

பால்கனியில் நின்று, அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதைப் பார்த்தேன். துணிக்கடை வாசலில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை குனியவில்லை.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

“ஆபீஸ்ல சப்ரீனா என்னைச் சுத்திச் சுத்தி வராம்மா. எந்த சலூன்ல இந்தக் கலர் போட்டேன்னு சொல்லியே ஆகணுமாம்.”

“என்ன சொன்னாய்?”

“சலூன் இல்லடி, எங்கம்மா முடி. நான் கேட்டு வாங்கினேன்னு சொன்னேன்.”

அது உண்மை இல்லை. நான் திருத்தவில்லை.